மைதா படாத கேக்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்குக் காய்ச்சல் வந்தால் பிரட். வயிற்றுப்போக்கு என்றாலும் பிரட். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரட்டும் நாலு சாத்துக்குடியும். பாலில் தோய்த்து ஊட்டிவிட்டு, "லேசான ஆகாரம், ஒண்ணும் பண்ணாது" என்று பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். இப்போது நமக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, நாமே மாத்திரை டப்பாவோடு அலைகிறோம். இருந்தும், மெழுகுத்தாளைப் பிரித்ததும் வருமே அந்தப் புது பிரட் வாசனை, அது வந்தால் நான் இன்றும் பாக்கெட்டை மூடித் தள்ளி வைத்துவிடுவேன். ஏன் என்று யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் பிரட்டுக்குப் பஞ்சமே கிடையாது. அப்பா பேக்கரி மாஸ்டர். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த பேக்கரியில் விறகு அடுப்பு. பொழுது விடியுமுன் போய்விட்டுச் சாயந்திரம் சைக்கிளில் திரும்புவார். கேரியரில் ஒரு பை. அதில் ஓரம் கருகிய பிரட், உடைந்த தேங்காய் பன், வடிவம் கெட்ட வெண்ணெய் பிஸ்கட். விற்க முடியாததையெல்லாம் முதலாளி அவருக்குக் கொடுத்துவிடுவார். அப்பாவின் சட்டையில் ஈஸ்டும் வெனிலா எசென்ஸும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். புருவத்திலும் காது மடலிலும் மைதா ஒட்டியிருக்கும். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் தங்கச்சி ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தூக்கி இறக்கிவிட்டால் அவள் கவுனில் அப்பாவின் பத்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருக்கும்.

அவளுக்கு அந்த வைகாசி வந்தால் ஏழு வயது. பார்த்தால் நாலு வயசுக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் உப்பி முன்னால் நிற்கும். வாயெல்லாம் புண். தலைமுடி சீப்போடு வரும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளியே போவாள். அதன் வாடைக்குக் காம்பவுண்டில் மற்ற வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து நான் அவமானப்பட்டிருக்கிறேன். அவளுக்காக அல்ல, எனக்காக. பதினோரு வயது அப்படித்தான் இருந்தது.

செய்யாத வைத்தியம் இல்லை. பூச்சி மருந்து, வேப்பங்கொழுந்து உருண்டை, மந்திரித்த கயிறு. சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் திங்கள், வெள்ளிதான் நடை திறப்பார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். டவுன் டாக்டர்கள் டானிக் எழுதினார்கள். எழுதிவிட்டு எல்லாரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள்: "பிரட்டு, பிஸ்கட்டு மாதிரி லேசா குடுங்க." அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சரியாகச் செய்தாள். சோறு இறங்கவில்லையென்றால் பிரட். பிரட் தின்றால் வயிறு வலி. வயிறு வலிக்கிறதே என்று மறுபடி பிரட்.

எங்கள் காம்பவுண்டில் கடைசி வீடு சாச்சியுடையது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். புருஷன் துபாயில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். புருஷனின் அண்ணன் பெரம்பலூரில் வளையல் கடை வைத்திருந்ததால் சாச்சியை இங்கே குடிவைத்திருந்தார்கள். அந்த அண்ணன் பிள்ளைகள் சித்தி முறைக்கு "சாச்சி" என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சாச்சிக்குப் பிள்ளை இல்லை. நாள் முழுக்கத் தையல் மிஷின் சத்தம். மிஷினுக்குக் கீழே விழும் துண்டுத் துணியெல்லாம் எங்கள் பொம்மைகளுக்கு.

அந்த வருஷம் நோன்பு மார்கழியில் வந்தது. அப்பாவுக்கு அது கிறிஸ்துமஸ், நியூ இயர் நெருக்கடி. கேக் ஆர்டர் குவிந்து, பேக்கரியிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பை வரவில்லை. சாயந்திரமானால் சாச்சி ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைப்பார். குழைந்த அரிசி, தேங்காய்ப்பால், வெந்தயம், இஞ்சி, கொஞ்சம் கொத்துக்கறி. மேலே புதினா வாசனை. தங்கச்சி தூக்கு மூடியிலேயே ஊற்றிக் குடிப்பாள். பத்துப் பன்னிரண்டு நாள் அந்தக் கஞ்சியும் சோறும்தான். அவள் முனகாமல் தூங்கினாள். ஒரு நாள் என்னோடு பாண்டிகூட ஆடினாள். நான் இதைப் பார்த்தேன். பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

புது வருஷத்தன்று அப்பா பெரிய பையோடு வந்தார். பத்து நாளாகப் பிள்ளைகள் முகம் பார்க்காத ஏக்கம் அவருக்கு. கிரீம் பன், பிளம் கேக் துண்டுகள், ரோஸ் வைத்த ஐசிங்கின் ஒரு மூலை. தங்கச்சிக்குத் தன் கையால் ஊட்டினார். அவள் பசியோடு தின்றாள். சாயந்திரம் வழக்கம்போல் கஞ்சி வந்தது, அதையும் குடித்தாள். குடித்த கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்தாள். வாந்தி, பேதி, கண் சொருகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடி, குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் கொண்டுவந்து படுக்கவைத்தோம்.

அன்று சாயந்திரம் சாச்சி தூக்கோடு வந்தார். "பாப்பா எப்படிக்கா இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

அம்மா எழுந்து வந்து தூக்கை வாங்கினாள். வாங்கி, அவர் கண்ணுக்கு முன்னால் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"எம் புள்ளைக்கு என்னத்தப் போட்டுக் குடுத்தே?"

"யக்கா... நாங்க நோன்பு தொறக்குற அதே கஞ்சிதான்க்கா. வேற என்னத்தப் போடுவேன்?"

"பெத்திருந்தா தெரியும். பெத்தவளுக்குத்தான் புள்ள அரும தெரியும். உங் கண்ணுதான்டி எம் புள்ளையத் திங்குது."

 நோன்பு திறக்கும் நேரம், பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாச்சி கீழே கிடந்த தூக்கை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு போனார். அப்பா உள்ளேயே உட்கார்ந்திருந்தார், எழுந்து வரவில்லை.  நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். முந்தின நாள் அவள் தின்ற பன்னும் கேக்கும் என் நினைவில் இருந்தன. ஆனால் அது அப்பா கொடுத்தது. அப்பா கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

பொங்கலுக்கு அம்மா எங்களை அரியலூரில் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அந்தக் கண்ணில் படாமல் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்பது அம்மாவின் கணக்கு. சிமெண்ட் லாரிகள் போகும் ரோட்டில் வீடு. வேப்பிலையும் கொடியில் காயும் துணியும் ஒரே சாம்பல் நிறம். பெரியம்மாவுக்கு எங்கள் மேல் கொள்ளைப் பிரியம். "அரிசிக் கஞ்சில என்னாடி சத்து இருக்கு? நான் தேத்திக் காட்டுறேன் பாரு" என்று சம்பா கோதுமையை வறுத்து உடைத்து, பாலும் வெல்லமும் போட்டுக் காலையும் மாலையும் கஞ்சி வைத்தாள். தங்கச்சி முகத்தைத் திருப்பினால் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். எட்டாம் நாள் கிணற்றடியில் தங்கச்சி கால் மடங்கி உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் இருந்ததால் உடனே ரயிலேறித் திருச்சிக்குப் போக முடிந்தது. சேதி தெரிந்து அப்பா பஸ்ஸில் நேராக வந்து சேர்ந்தார். போட்ட சட்டையோடு, தலையெல்லாம் மாவோடு.

அங்கே குழந்தைகளுக்கான ஒரு பெண் டாக்டர். வடக்கே பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தங்கச்சியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தொடையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"காலைல எந்திரிச்சதுலேருந்து என்னென்ன சாப்பிடுறான்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

அம்மா சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட. "நாங்க ஒண்ணும் கொறை வெக்கிலீங்க. அவங்கப்பா பேக்கரி மாஸ்டருங்க. பிரட்டு, பிஸ்கட்டு, பன்னு, எதுக்கும் பஞ்சமில்லீங்க."

டாக்டர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அவர் நகக்கண்ணில் காய்ந்திருந்த மாவைப் பார்த்தார். பார்வையைச் சட்டென்று விலக்கிக்கொண்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஏதேதோ பரிசோதனை செய்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஒத்துக்காது. மைதா, ரவை, சேமியா, பிரட், பிஸ்கட், எதுவுமே கூடாது. உள்ள போனா குடலைப் புண்ணாக்குது. கட்டிப் பெருங்காயத்துலகூட மாவு கலப்பாங்க, பாத்து வாங்குங்க. மாவுத் தூசிகூட வாயில போகக்கூடாது."

"எத்தன நாளைக்குங்க?" என்றார் அப்பா.

"ஆயுசுக்கும்."

 அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "அரிசிக் கஞ்சிங்க... கறி போட்டு, தேங்காப்பால் ஊத்தி... அது குடுத்திருந்தா?"

"தாராளமா குடுங்க. அதைவிட நல்லது என்ன இருக்கு?"

திரும்பி வரும் பஸ்ஸில் சமயபுரம் தாண்டி, பாடாலூர் தாண்டி, சிறுவாச்சூர் கோபுரமும் போயிற்று.  அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் கோதுமை நுழையவில்லை. அம்மா டப்பாக்களைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பயத்தில் தங்கச்சியிடம் ஒன்று சொல்லி வைத்தாள்: "பிரட்டு, கேக்கு எல்லாம் உனக்கு வெசம்டி. யாரு குடுத்தாலும் வாங்காத. தின்னா செத்துப்போயிருவ." அவள் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் பிஸ்கட் தின்னும் பிள்ளைகளைக் கண்டால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவருவாள்.

அப்பா பேக்கரியின் பின்னாலேயே குளித்துவிட்டு, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வரத் தொடங்கினார். வந்தும் எங்களிடம் வரமாட்டார். வாசலில் மறுபடி கை கால் கழுவுவார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முழங்கைத் தோல் வெளுத்துப் போயிருந்தது. தங்கச்சி ஓடிவந்தால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்வார், போலீஸ்காரன் துப்பாக்கி காட்டியதுபோல. "வேணாம்டா கண்ணு. தள்ளி நில்லு." நாலு மாதம் அவர் அவளைத் தொடவில்லை.

"யக்கா, அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"இல்லடி. மாவு" என்றேன்.

அவளோ மழை கண்ட விதை முளைப்பதுபோலத் தேறிக்கொண்டிருந்தாள். வயிறு வடிந்தது. கன்னம் வந்தது. கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியது. என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அம்மா அதைப் பார்த்து அழுவாள். அழுதுவிட்டுக் கடைசி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். போகமாட்டாள். எந்த முகத்தோடு போவது?

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு நாள் சாச்சி என் பக்கத்தில் நின்றார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பாப்பாவுக்கு இப்ப பரவாயில்லையா?" என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர், கோதுமை, அப்பாவின் மாவு, கஞ்சி நல்லது என்று டாக்டர் சொன்னது. சாச்சியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"இதெல்லாம் அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல சாச்சி."

"அப்ப நீ சொன்னதா இருக்க வேணாம்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். போகும்போது, "யா அல்லாஹ், புள்ள பொழச்சாளே, அது போதும்" என்றார்.

சித்திரை பிறந்ததும் தங்கச்சி காலண்டரைப் பார்க்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா வெள்ளை ஐசிங் போட்டு, சிவப்பு ரோஸ் வைத்து, பேரெழுதி ஒரு கேக் கொண்டுவருவார். காம்பவுண்டு முழுக்கத் துண்டு போகும். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அவள் தூரத்திலேயே நின்று, "அப்பா, இந்த வருசம் எனக்கு கேக் கெடையாதுல்ல?" என்றாள். அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. எனக்குத் தெரியும், நான் பெரியவளாகிவிட்டேன் என்பதைப் போலச் சொன்னாள். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

இதையும் நான் குழாயடியில் சாச்சியிடம் சொன்னேன். நான் சொன்னதாக இருக்க வேண்டாம் என்று அவர் சொன்ன தைரியத்தில் சொன்னேன் போலிருக்கிறது.

வைகாசி தொடக்கத்தில் ஒரு சாயந்திரம் சாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் டேப் ரெக்கார்டர், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஐந்து மாதம் கழித்து அந்த வாசலில். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு எழுந்துவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அவுக இருக்குற ஊர்லேருந்து ஆள் வந்துச்சு. கேசட்டு குடுத்துவிட்டிருக்காங்க. அதுல மாஸ்டரண்ணனுக்கும் ஒரு சேதி இருக்கு."

அம்மா வழிவிட்டு ஒதுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள வாங்க" என்றாள். "வா" என்று ஒருமையில் பேசியவள் "வாங்க" என்றாள்.

போன் பேசினால் காசு பறக்கும் காலம் அது. துபாய்க்காரர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊர் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். சாச்சி கேசட்டை முன்னால் ஓட்டி ஓட்டி நிறுத்தினார். சரியான இடம் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தியபோது ஆண்குரல் சன்னமாகச் சொன்னது: "...சில நாளு ஒம் மொகம் சட்டுனு ஞாவகம் வரமாட்டேங்குது. போட்டாவ எடுத்துப் பாத்துக்குறேன். பயமா இருக்கு புள்ள..." சாச்சி படாரென்று பொத்தானை அமுக்கினார். காதுவரை சிவந்துவிட்டது. அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா முதல்முறையாகத் தலைநிமிர்ந்து சாச்சியைப் பார்த்தாள்.

அடுத்த முறை இடம் சரியாக விழுந்தது.

"மாஸ்டரண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும். வூட்டுல சொன்னா. எங்க ஓட்டலுக்கு வர்ற வெள்ளக்காரங்கள்ல சில பேருக்கு ஒங்க பாப்பா மாதிரிதான், கோதும ஆவாது. அவங்களுக்குன்னு ஒரு கேக்கு போடுவோம். மாவு ஒரு சிட்டிககூட இல்ல. சாக்லேட்டு கால் கிலோ, வெண்ண அதுக்குக் கொஞ்சம் கம்மி, முட்ட ஆறு, சீனி ஒரு டம்ளர். அவ்வளவுதான். சாக்லேட்டு அனுப்பியிருக்கேன். சுத்தியிருந்த பேப்பர்ல படிச்சுப் பாத்துட்டேன், அதுல மாவு இல்ல..."

அப்பா மூன்று தடவை திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டார். "மாவில்லாம எப்படி நிக்கும்?" என்று டேப் ரெக்கார்டரைப் பார்த்தே கேட்டார். இருபது வருஷம் மாவோடு புழங்கியவர். குரல் அவருக்குப் பதில் சொல்வதுபோல ஓடிக்கொண்டிருந்தது: "முட்ட வெள்ளக்கருதாண்ணே நிறுத்தும். நொரை கட்டுற வரைக்கும் அடிங்க. பாத்திரத்தக் கவுத்தாலும் விழக்கூடாது. வெந்து எறக்குனதும் நடுவுல உக்காந்துரும். பயந்துறாதீங்க. அது அப்படித்தான்."

பேக்கரி அடுப்பில் போட முடியாது. அதன் செங்கல் இடுக்கில்கூட மைதா. ஆகவே வீட்டில். பிறந்தநாளன்று அப்பா லீவு போட்டார். ஆஸ்பத்திரி நாட்களைத் தவிர அவர் லீவு போட்டு நான் பார்த்தது அன்றுதான். விடிந்ததும் தலைமுழுகி, புது வேட்டி கட்டினார். பேக்கரிச் சாமான் எதையும் தொடாமல் கடையிலிருந்து புதுசாக முட்டை அடிக்கும் கம்பி வாங்கிவந்தார். மருதையாற்று மணலை நானும் அம்மாவும் அலசிக் காயவைத்திருந்தோம். பெரிய அலுமினிய அண்டாவில் அந்த மணலைப் பரப்பி, விறகடுப்பில் ஏற்றி, மூடிமேல் தணல் போட்டார். சூட்டைக் கையை நீட்டிப் பார்த்துத்தான் சொல்வார். மணிக்கட்டு முடி சுருள வேண்டும்.

துபாயிலிருந்து வந்த சாக்லேட் வழியில் உருகி, மறுபடி இறுகி, வெளிறிப் போயிருந்தது. அப்பா ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "கசக்குதே" என்றார். வாழ்நாளெல்லாம் கேக்கில் கோக்கோ பவுடரும் எசென்ஸும் போட்டவர், அசல் சாக்லேட்டை அன்றுதான் தொட்டார். கொதிக்கும் தண்ணீர்மேல் வைத்த பாத்திரத்தில் அதுவும் வெண்ணெயும் உருகி ஒன்றானபோது, நான் அதுவரை முகராத ஒரு வாசனை வந்தது. வறுத்த கொட்டையும் மழை ஈரமும் சேர்ந்ததுபோல. வைகாசி வெயில், அடுப்புச் சூடு. அப்பாவின் முதுகில் வியர்வை வழிந்தது. வெள்ளைக்கருவை அடித்தார், அடித்தார். கை ஓய்ந்தபோது அம்மா வாங்கி அடித்தாள். அவளும் ஓய்ந்தபோது, வாசல் ஓரம் நின்றிருந்த சாச்சி வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அம்மா கொடுத்தாள். கடைசியில் அப்பா அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நுரை அசையவில்லை.

முக்கால் மணி நேரம் யாரும் அண்டாவை விட்டு நகரவில்லை. இறக்கியபோது கேக் உப்பி நின்றது. அப்பாவின் முகம் மலர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் வெடித்து, அமுங்கிப்போனது. அப்படித்தான் ஆகும் என்று மூன்று தடவை கேட்டிருந்தும் அவர் சாச்சியைத் திரும்பிப் பார்த்தார். கன்னங்கரேல் என்று, வெடித்த களிமண்ணாட்டம் இருந்தது. ஐசிங் இல்லை, ரோஸ் இல்லை, பேர் இல்லை.

ஆறவைத்து வெட்டினார். கத்தி ஈரமாக வந்தது. ஒரு துண்டைத் தட்டில் வைத்துத் தங்கச்சிக்கு நேரே மண்டியிட்டார். நாலு மாதத்தில் முதல்முறையாக அவள் பக்கத்தில் வந்தார்.

"கண்ணு, ஆ காட்டு."

தங்கச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுல மாவு இல்லடா. அப்பா குளிச்சிட்டேன். பாரு, கையப் பாரு." இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவள் பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டி நின்றாள். அப்பா ஒரு வாய் தின்று காட்டினார். அம்மா தின்று காட்டினாள். நானும் தின்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கேக் வேண்டும் என்றும் இருந்தது, சாகவும் பயமாக இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு.

பிறகு கையை எடுக்காமலே, விரல் இடுக்கு வழியாகச் சொன்னாள்:

"சாச்சி குடுத்தா திங்கிறேன். சாச்சி குடுத்தது வலிக்காது."

 அப்பா மண்டியிட்டபடியே இருந்தார். அம்மாதான் எழுந்தாள். அப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சாச்சியிடம் நீட்டினாள். 

"நீங்களே ஊட்டுங்க" என்றாள். பிறகு, "நான் பேசுனதுக்கு என் நாக்கு அழுகணும். அவ சொல்றதுதான் நெசம்" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. நல்ல நாளு" என்று சாச்சி தட்டை வாங்கிக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, ஒரு சின்ன விள்ளலை எடுத்து நீட்டினார். தங்கச்சி கையை எடுத்தாள். வாயைத் திறந்தாள். மென்றாள். கண்ணை அகலத் திறந்து சாச்சியைப் பார்த்துக்கொண்டே மறுபடி வாயைத் திறந்தாள்.

அப்பா கொல்லைப்பக்கம் போய்விட்டார். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கூப்பிட்டதற்கு, "அடுப்பு அணையட்டும், வரேன்" என்றார். அடுப்பு இருந்தது முன்பக்கம்.

மறுநாள் முழுக்க அம்மா தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி இல்லை. வாந்தி இல்லை. மத்தியானம் அவள் பசிக்குது என்று வந்து நின்றதும், அம்மா என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைசி வீட்டுக்குப் போனாள். வெகு நேரம் தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை.

அப்பா அடுத்த வருஷமே பேக்கரியை விட்டார். டாக்டர் விடச் சொல்லவில்லை. முதலாளியும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா ஒரு அரிசி மில்லில் போய்ச் சேர்ந்தார். மேலெல்லாம் தவிட்டோடு வந்து, கழுவாமலே தங்கச்சியைத் தூக்கினார். சாச்சியின் புருஷன் நாலு வருஷம் கழித்து ஊரோடு வந்துவிட, அவர்கள் லப்பைக்குடிக்காட்டுக்கே போனார்கள். சாச்சி இப்போது இல்லை. மய்யித்துக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். பெண்களோடு உட்கார்ந்து அம்மா அழுத அழுகையைப் பார்த்து, கூடப் பிறந்தவளா என்று யாரோ கேட்டார்கள். அம்மா ஆமாம் என்றாள்.

தங்கச்சிக்கு இன்று இரண்டு பிள்ளைகள். சென்ற மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கறுப்பு கேக் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மறக்குமாக்கா? அப்பா புது வேட்டி கட்டிக்கிட்டு, தரையில உக்காந்து எனக்கு ஊட்டிவிட்டாருல்ல. அந்தக் கசப்புகூட இன்னும் நாக்குல இருக்கு."

நான் திருத்தவில்லை.

அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அன்று சாயந்திரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்து எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நான் ஊட்டுனேன்னா சொன்னா?"

"ஆமாப்பா."

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். ஊட்டியது சாச்சி என்று இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் தங்கச்சியிடமும் அதை இனி யாரும் சொல்ல வேண்டாம்.